நாலரைக் கிலோ

கிருஷாந்திக்கு எண்பத்து நான்கு வேலைநாட்கள் பிரசவ விடுமுறை, முழுச் சம்பளத்தோடு. சனி, ஞாயிறு, பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை நாட்கள் இதில் சேராது என்பதால் எப்படியும் நாலு மாதத்துக்குக் குறையாது. போதாவிட்டால் அரைச் சம்பளத்தில் இன்னோர் எண்பத்து நான்கு நாள் கேட்கலாம். அவளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்த அன்று டயகமவில் அவள் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாளே, அந்தத் தேங்காயில் இந்த விடுமுறைக்கும் ஒரு பங்கு உண்டு. அம்மா மூன்று பிள்ளைகளையும் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் போட்டுவிட்டுக் கொழுந்து பறித்தவள்.

நியமனக் கடிதத்தில் குடும்ப நல உத்தியோகத்தர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மிட்வைப் மிஸ். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் நாலு பிரிவுகள் அவள் பொறுப்பில் இருந்தன. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளை மடுவத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்து அவரவர் காட்டில், அதாவது வளர்ச்சி அட்டையில், எழுதுவது. பச்சைப் பட்டைக்குள் புள்ளி விழுந்தால் தாயைப் பார்த்துச் சிரிப்பாள். செம்மஞ்சளில் விழுந்தால் சிரிக்க மாட்டாள்.

"ஆறு மாசம். தாய்ப்பாலு மட்டும். ஒரு சொட்டுத் தண்ணி கூட வேணாம்." இதை அவள் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பாளோ. சொன்னதற்குப் பலனும் இருந்தது. அவள் பகுதியில் நூறு தாய்மாரில் தொண்ணூற்றாறு பேர் அப்படியே கொடுத்ததாகப் பதிவேடு சொன்னது. மேலிடத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. அவள் கணவன் பிரதாப் அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினான்.

பிறகு அவளுக்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள்.

பால் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, போதவில்லை. பிள்ளை பத்து நிமிடம் இழுத்துவிட்டு வாயை எடுத்து வீரிட்டு அழும். கிருஷாந்தி மறுபக்கம் மாற்றிப் போடுவாள். அங்கும் அதேதான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் தனக்குச் செய்துபார்த்தாள். உட்காரும் விதத்தை மாற்றினாள், ஒத்தடம் கொடுத்தாள், இரவில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்தாள். இதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு இருப்பதும் அவளுக்குத் தெரியும். தாய்மாருக்குக் கடிதம் கொடுத்து அங்கே அனுப்புபவளே அவள்தான். அங்கிருந்த தாதிகள் இருவரும் அவளோடு பயிற்சி எடுத்தவர்கள். அவர்கள் முன்னால் போய் மார்பைத் திறந்துகொண்டு உட்கார்வதை நினைத்தாலே கால் நகர மறுத்தது.

அவளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அது நம்பிக்கை என்றே தெரியாத அளவுக்கு ஆழத்தில் கிடந்தது. வீட்டில் இருக்க நேரம் கிடைத்த தாய்க்குப் பால் இருக்கும். இல்லாதவர்கள் நேரம் கொடுக்காதவர்கள். இப்போது அவளிடம் நேரம் தவிர வேறொன்றும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும், சமைக்கப் பிரதாப் இருக்கிறான், பிள்ளையைக் குளிப்பாட்ட லயத்திலிருந்து வீரம்மா வருகிறாள். அவள் செய்ய வேண்டியதெல்லாம் கட்டிலில் சாய்ந்து பால் கொடுப்பதுதான்.

இரண்டாம் மாதம் முடிந்த அன்று சமையலறை வாசல் கொக்கியில் வேலைத் தராசை மாட்டிப் பிள்ளையைத் தொங்கவிட்டாள். மூன்று கிலோ எழுநூறு. இறக்கி, முள்ளைச் சரிபார்த்து, மறுபடி போட்டாள். மூன்றாம் தரமும் அதே எழுநூறுதான்.

காட்டை விரித்தாள். புள்ளி செம்மஞ்சளில் விழ வேண்டும். முதலில் நாலு கிலோ என்று எழுதத்தான் நினைத்தாள். அதுவும் ஓரத்தில்தான் நிற்கும். பொய் என்று ஆன பிறகு அதை ஏன் பாதியாகச் சொல்ல வேண்டும்? நாலரை என்று எழுதினாள். பச்சைக்குள் ஒரு புள்ளி வைத்து, முதல் மாதத்துப் புள்ளியோடு கோடு போட்டுச் சேர்த்தாள். வருடக்கணக்காகப் பழகிய கை. அடுத்த நாள் தடுப்பூசிக்குப் போனபோது, "வீட்டிலேயே நிறை பார்த்திட்டேன்" என்றாள். மிட்வைபின் பிள்ளையை யார் மறுபடி நிறுக்கப் போகிறார்கள்?

அன்று மாலையே பிரதாப்பிடம் சொன்னாள்.

"ஒரு பால்மா டின் வாங்கிட்டு வாங்க. சின்னப் புள்ளைங்களுக்கானது. கொட்டகலையில வாங்காதீங்க. ஹட்டன்ல வாங்குங்க."

"ஏன், கொட்டகலை மாவுல பூச்சியா?"

"வாங்காதீங்கன்னா வாங்காதீங்க."

பிரதாப் ஹட்டன் தபால் கந்தோரில் வேலை செய்தான். தகப்பன் என்று அவனுக்கு மூன்று நாள் விடுமுறை கொடுத்திருந்தார்கள். "அதுல ஒரு நாளு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன், ஒரு நாளு மருந்துக்கு அலைஞ்சேன், மூணாவது நாளுதான் எம்புள்ளைக்கு என்னைய அறிமுகப்படுத்துனாங்க" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். இப்போது சிரிக்கவில்லை. டின்னைப் புதினத்தாளில் சுற்றி, அதைப் பைக்குள் போட்டு, பையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.

பிள்ளை போத்தலைக் காலி செய்துவிட்டு வாய் திறந்தபடி தூங்கிப்போனது. பிறந்ததிலிருந்து அது அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தனுஜாவின் ஞாபகம் வந்தது. அன்றோடு அது போகவும் இல்லை.

தனுஜா வீரம்மாவின் மருமகள். தோட்டத்தில் பெயர் பதிந்த பெண்களுக்குப் பிரசவத்துக்கு ஏதோ சம்பளமும் நாளும் உண்டு. தனுஜாவின் வீட்டார் அதிலிருந்து விலகி, தோட்டத்திடமிருந்து ஒரு துண்டு தேயிலை மலையை எடுத்துத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பறித்தால்தான் பணம். அதில் லீவு என்ற சொல்லுக்கே இடமில்லை. பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் தனுஜா மலைக்கு ஏறிவிட்டாள்.

கிருஷாந்தி விடுமுறைக்குப் போகுமுன் நடந்த கடைசி நிறை பார்க்கும் நாளில் தனுஜாவின் பையனுக்கு மூன்று மாதம். நிறை ஏறவில்லை. கிருஷாந்தி அன்று நிறைவயிறோடு, வீங்கிய காலோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நாய் கூட குட்டி போட்டா குட்டிய விட்டு நகராது தனுஜா. ஒனக்கு மலைதான் பெருசாப் போச்சா?"

மடுவத்தில் பதினேழு தாய்மார் இருந்தார்கள். தனுஜா பிள்ளையின் தொப்பி நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"பாலு மட்டுந்தானே குடுக்குற?"

"ஆமா மிஸ்."

அந்த ஆமாவைக் கிருஷாந்தி நம்பினாளா? நம்பினாள் என்று சொல்ல முடியாது. பதிவேட்டில் 'ஆம்' என்று எழுதினாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தனுஜா நிறை பார்க்க வருவதில்லை, மாமியார்தான் பையனைத் தூக்கிவருகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

வீரம்மாவுக்கு டின்னை மறைக்கலாம், போத்தலை எத்தனை நாள் மறைப்பது? ஒரு காலை, சுடுதண்ணீர் எடுக்கப் போன வீரம்மா அடுப்படியில் நின்றுவிட்டாள். சட்டியில் போத்தலும் சூப்பியும் கொதித்துக்கொண்டிருந்தன.

"தண்ணி கொதிக்குது மிஸ். எறக்கவா?"

"அது... அவசரத்துக்கு வாங்கி வச்சது வீரம்மாக்கா."

"ஆமா மிஸ். அவசரத்துக்கு வேணுந்தானே."

அவ்வளவுதான். வீரம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தடவினாள். போகும்போது கிருஷாந்தி அவளுக்குத் தன் பச்சைக் கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். நல்ல சட்டை, இரண்டு தரம்தான் போட்டது. வீரம்மா வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். ஏன் கொடுக்கிறாள் என்று கொடுத்தவளுக்கும் தெரியும், வாங்கியவளுக்கும் தெரியும்.

மூன்றாம் மாதம் முடியும்போது ரோகினியின் அழைப்பு வந்தது. ரோகினி பக்கத்துப் பகுதியின் மிட்வைப், யாழ்ப்பாணத்துக்காரி. கிருஷாந்தி விடுமுறையில் இருப்பதால் அவளுடைய நாலு பிரிவுகளையும் சேர்த்து நடந்து பார்த்துக்கொண்டிருப்பவள்.

"கிருஷாந்தி, இஞ்ச மடுவத்துத் தராசின்ர கொளுக்கி உடைஞ்சு போச்சு. உங்களிட்ட ஒண்டு இருக்குதெல்லே? நாளைக்குக் கொண்டு வாங்கோ. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாங்கோ. மூண்டாம் மாச நிறை இன்னும் என்ர பதிவில இல்லை."

வீட்டிலேயே பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். எவ்வளவு என்று கேட்டால் சொல்ல ஓர் எண் தயாராக இல்லை.

"சரி அக்கா" என்றாள்.

உடனே நிறுத்துப் பார்த்தாள். நாலு கிலோ நானூறு. ஒரே மாதத்தில் எழுநூறு கிராம். வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் தாயைக் கட்டிப்பிடித்திருப்பாள். காட்டில் போன மாதம் நாலரை இருந்தது.

காலையில் பிள்ளைக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டாள். துணியை இரட்டையாக மடித்துக் கட்டினாள். காலுறைக்கு மேல் இன்னொரு காலுறை. பிரதாப் வேலைக்குப் போக நின்றவன் இதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"குளிரு அவ்வளவு இல்லையே."

"மடுவத்துல காத்தடிக்கும்."

எத்தனை தாய்மாரிடம் அவள் சொல்லியிருக்கிறாள், எல்லாத் துணியையும் கழற்று, எனக்குப் பிள்ளையின் நிறை வேணும், உன் துணியின் நிறை வேண்டாம் என்று. பிரதாப்பும் அதைக் கேட்டிருக்கிறான். தராசுப் பையைக் கதவருகே எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

மடுவத்தில் இருபது பேருக்குக் குறையாது. அவளைக் கண்டதும் வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

"மிஸ் வந்துட்டாங்க, எடம் விடுங்கடி!"

"நீங்க என்னா மிஸ் வரிசையில நிக்கிறது, முன்னுக்குப் போங்க."

"இல்ல, நான் இங்கயே இருக்கேன்." அவளுக்கு அவசரமில்லை. முடிந்தால் மழை பெய்து எல்லோரும் கலைந்து போகட்டும் என்று நினைத்தாள்.

பெண்கள் பிள்ளையைச் சுற்றிக்கொண்டார்கள். "மூக்கு அப்படியே நம்ம பிரதாப் தொரை மாதிரி."

"தொரை மூக்கா? அது எங்கடி இருக்கு, தேடணும்!"

"சும்மா இருங்கடி. மிஸ், மூக்கு வளரும், கவலப்படாதீங்க."

கிருஷாந்தியும் சிரித்தாள். மூலையில் வீரம்மா பச்சைக் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் தனுஜா. மலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்கவில்லை. மடியில் பையன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். தனுஜா கிருஷாந்தியைப் பார்த்தாள். சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

கிருஷாந்தி கொண்டுவந்த தராசை ரோகினி மாட்டி ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தாள். கிருஷாந்தியின் முறை வந்தபோது காட்டை வாங்கி மேசையில் வைத்தாள்.

"என்னப்பா இது, பொட்டலம் மாதிரிக் கட்டி வச்சிருக்கிறீங்கள்?" ரோகினியின் கை பேசிக்கொண்டே சட்டைகளைக் கழற்றியது. "தாய்ப்பால் மட்டும்தானே?"

கிருஷாந்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன் மூலையிலிருந்து வீரம்மாவின் குரல் வந்தது.

"மிஸ்ஸுக்கு அதெல்லாம் கேக்கணுமா? தாய்ப்பாலுதான். நான்தானே தெனமும் போறேன், பாக்குறேன்."

"பின்ன?" என்றாள் இன்னொருத்தி. "மிஸ்ஸே குடுக்கலன்னா யாரு குடுக்குறது?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். இன்னொருத்தி முந்தானையை இழுத்துவிட்டாள். கிருஷாந்திக்கு விளங்கியது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வீரம்மா கொதிக்கும் சட்டியைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு அவளை மூடுகிறார்கள். இந்தக் குரல் அவளுக்குப் புதிதுமல்ல. இதே வழவழப்பு, இதே அவசரம், பக்கத்து வீட்டுக்காரிக்காகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் ஆமாம். எத்தனை வருடமாக இதைக் கேட்டு 'ஆம்', 'ஆம்' என்று எழுதியிருக்கிறாள். இப்போது அந்த முந்தானைக்குள் அவளையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கேட்காமலே.

ரோகினி பிள்ளையைத் தொங்கவிட்டாள். உடுப்பில்லாத பிள்ளை கையைக் காலை உதைத்து அழுதது. முள் ஆடி நின்றது.

"நாலு நானூறு." காட்டைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். பிள்ளையை இறக்கி மறுபடி போட்டாள். "கிருஷாந்தி, நூறு கிராம் குறைஞ்சிருக்கு."

"ம்."

"என்ன ம்? மூண்டு மாசப் பிள்ளை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை, நிறை குறையிறதெண்டால் உங்களுக்குத் தெரியாதே? காய்ச்சல் வந்ததோ? வயித்தாலை போனதோ?"

"இல்ல அக்கா."

"அப்ப உள்ளுக்கு ஏதோ இருக்கு. நான் கடிதம் தாறன், இண்டைக்கே நுவரெலியாவுக்குக் கொண்டு போங்கோ. இரத்தம், சலம் எல்லாம் பாக்க வேணும். வாட்டில மறிச்சு வச்சாலும் வைப்பினம்." பேனாவை எடுத்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த கவலை உண்மையானது. இரண்டு பகுதிகளை மூன்று மாதமாக நடந்து தேய்ந்த பெண், இன்னொருத்தியின் பிள்ளைக்காகப் பதறினாள்.

கிருஷாந்திக்குப் பிள்ளையின் மணிக்கட்டு கண்ணில் பட்டது. அதில் நரம்பு தேட வேண்டும். ஒரு தரத்தில் கிடைக்காது. இரண்டு, மூன்று தரம் குத்துவார்கள். அவள் ஒரு கணம் என்ன நினைத்தாள் என்பதைப் பிறகு பிரதாப்பிடம் கூடச் சொல்லவில்லை. குத்தட்டும் என்று நினைத்தாள். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வரும், இரண்டு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரிய வராது. அப்படி நினைத்தது தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. இந்தப் பிள்ளையின் தாய் நினைத்தது அது.

"எழுதாதீங்க அக்கா."

"ஏன்?"

"போன மாசம் நாலரை இல்ல. மூணு எழுநூறு. நான்தான் கூட்டி எழுதுனேன்." குரல் சின்னதாகத்தான் வந்தது. மடுவம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "பாலும் பத்தல. ஒரு மாசமா பால்மா குடுக்குறேன். வீரம்மாக்கா எனக்காகச் சொல்றாங்க."

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதைக் கேட்டபோது கிருஷாந்திக்கு ஏனோ கொஞ்சம் மூச்சு வந்தது.

ரோகினி பேனாவை மூடினாள். பிறகு காட்டைத் தள்ளி அவள் முன்னால் வைத்தாள். "நீங்களே வெட்டுங்கோ. சரியானதை எழுதிப் பக்கத்தில கையெழுத்தும் திகதியும் வையுங்கோ. நான் மேலதிகாரி சிஸ்டருக்குச் சொல்லத்தான் வேணும், கிருஷாந்தி. சொல்லாமல் விட ஏலாது."

"தெரியும் அக்கா."

வெட்டினாள். பச்சைக்குள் இருந்த புள்ளியைச் சுழித்து அழித்து, கீழே செம்மஞ்சளில் ஒன்று வைத்தாள். அங்கிருந்து இந்த மாதத்துக்குக் கோடு போட்டபோது அது செங்குத்தாக ஏறியது. தாய்ப்பால் மட்டும் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

"அடுத்தது ஆர்?"

தனுஜா பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேசைக்கு வந்தவள் ரோகினியைப் பார்க்கவில்லை.

"எம்புள்ள காட்டையும் திருத்துங்க மிஸ்" என்றாள் கிருஷாந்தியிடம். "ரெண்டு மாசத்துலயே மாவு கரைச்சுக் குடுத்தோம். அத்தைதான் குடுத்தாங்க, நான் மலையில இருந்தேன். ஒங்களுக்குப் பயந்து ஆமான்னேன்."

"தனுஜா, வாய மூடுடி" என்றாள் வீரம்மா.

"எதுக்கு மூடணும்? இப்ப மிஸ்ஸே சொல்லலியா?" தனுஜாவின் குரல் உயரவில்லை. "மூணு மாசமா சம்பளத்தோட வீட்டுல இருக்கீங்க மிஸ். ஒங்களுக்கே பத்தல. நாப்பதாம் நாளு மலைக்குப் போனவளுக்கு எங்கேர்ந்து மிஸ் வரும்? அத நீங்க கேக்கவேயில்லையே. நாயின்னீங்க."

கிருஷாந்தி வாயைத் திறந்தாள். மன்னித்துக்கொள் என்பது சரியான சொல்தான். ஆனால் பிள்ளை தோளில் அழுதுகொண்டிருந்தது, இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அதைச் சொன்னால் தனுஜா ஒன்று ஏற்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்றக் கிருஷாந்திக்கு மனம் வரவில்லை.

"சொன்னேன் தனுஜா" என்றாள். "அப்படித்தான் சொன்னேன்."

தனுஜா அவளையே பார்த்தாள். பிறகு பையனின் சட்டையைக் கழற்றத் தொடங்கினாள். ரோகினி பெரிய பதிவேட்டைத் திறந்து, கிருஷாந்தியின் கையெழுத்தில் வரிசை வரிசையாக இருந்த ஆம்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் விரலை நிறுத்தி நிமிர்ந்தாள். இந்த ஆம்களில் எத்தனை உண்மை என்ற கேள்வி அவள் பார்வையில் இருந்தது. கிருஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

வரிசையில் பின்னால் ஒரு குசுகுசுப்பு எழுந்தது. "நீ சொல்லப்போறியா?" என்று ஒருத்தி கேட்பதும், "நீ சொன்னா நானும் சொல்றேன்" என்று மற்றவள் சொல்வதும் காதில் விழுந்தன.

கிருஷாந்தி தன் பிள்ளைக்கு உடுப்பை மாட்டினாள். ஒரு சட்டையைப் போட்டு, மற்றதைப் பைக்குள் வைத்தாள். போவதா, இன்னும் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தெரியாமல் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். இத்தனை வருடம் தாய்மார் இந்த இடத்தில் இப்படித் தயங்கி நிற்பதை அவள் கண்டிருக்கிறாள். என்னா, போகலாமே என்று அவர்களை விரட்டியும் இருக்கிறாள்.

ரோகினி காட்டில் திகதி போட்டு நீட்டினாள்.

"அடுத்த மாசம் ஒன்பதாந் திகதி. பிள்ளையைக் கொண்டு வர வேணும். இஞ்சதான் நிறுப்பன். வீட்டில பாத்திட்டன் எண்டெல்லாம் சொல்லப்படாது."

"சரி மிஸ்" என்றாள் கிருஷாந்தி.